தூத்துக்குடி மேகம்

அக்டோபர் 3, வெள்ளி

இன்றும் குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டு போர்வெல்லில் நாலு குடம் பிடித்து வைத்துவிட்டு ஸ்டூடியோவுக்குப் போகும்போது மணி பத்து. பெரியகுளத்துக் கல்யாண ஆல்பத்தில் இன்னும் இருபத்தெட்டுப் பக்கம் பாக்கி. பெண்ணின் தாய்மாமா எல்லாப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். ஒரே ஒரு படத்தில் திறந்திருந்தார். அந்தக் கண்களை வெட்டி ஆறு இடத்தில் ஒட்டினேன்.

பதினொரு மணிக்கு என் வீட்டுக்காரர் போன் செய்தார். ஐ.டி.ஐ.யில் வகுப்பு எடுக்கிற நேரத்தில் அவர் போனைத் தொடவே மாட்டார். பயந்துபோய் எடுத்தேன்.

"ஜோதி, மொதப் பரிசு! கோயம்புத்தூர் கண்காட்சியில அந்தப் பாறைப் படத்துக்கு. லோகேந்திரன், தேனின்னு பேரு போட்டு மெயில் வந்திருக்கு."

சாயங்காலம் பால்கோவா வாங்கி வந்தார். அத்தைக்கு ஊட்டிவிட்டார். சுவரில் மாட்டியிருந்த அதே படத்தைத் துணியால் துடைத்தார். முன்னால் கறுத்த பாறையும் புல்லும், பின்னால் செம்பும் பொன்னுமாய் அடுக்கடுக்காய் மேகம்.

மெயிலின் கடைசி வரியை நான்தான் முதலில் பார்த்தேன். பரிசு உறுதியாவதற்கு, கேமராவில் பதிவான ரா ஃபைலை, அதாவது எந்தத் திருத்தமும் செய்யாத மூலப்படத்தை, பதினைந்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

அவருடைய எல்லாப் படத்துக்கும் ஒரே நோய். பாறையும் புல்லும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டி எடுப்பார். வானம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப் போய்விடும். அதைச் சரிசெய்வது என் வேலை. வீட்டில் பாத்திரம் அவர், துணி நான் என்பதுபோல, படத்தில் மண் அவர், வானம் நான்.

பால்கோவா திகட்டியது. எனக்குப் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

அக்டோபர் 4, சனி

காலையிலேயே கேட்டார். "அந்த ரா ஃபைல் உன்கிட்டதான இருக்கு? அனுப்பிருவோம்."

ஹார்டு டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்றேன். எப்போது என்றார். போன மாதம் என்றேன். ஏன் சொல்லவில்லை என்றார். புளியை எடுத்து ஊறப் போட்டேன்.

"விதியெல்லாம் படிச்சுட்டேன் ஜோதி. வெளிச்சத்தக் கூட்டலாம், கொறைக்கலாம். இல்லாததச் சேக்கத்தான் கூடாது. நாம ஒண்ணும் சேக்கலையே?"

"உள்ள இருந்ததத்தான வெளிய எடுத்தேன்."

அப்போது புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று பின்பக்கம் போய்விட்டேன்.

மத்தியானம் வேறு முடிவோடு வந்தார். "ஃபைல் போனா என்ன, எடம் அங்கேயேதான இருக்கு. போன வருசமும் இதே அக்டோபர்தான். நாளைக்குப் போயி அதே பாறையில நின்னு எடுக்குறேன். அந்த மாதிரி மேகம் அங்க வரும்னு அவங்களே பாக்கட்டும்."

"மழை இருக்குன்னு சொல்றாங்க. அடுத்த வாரம் போங்களேன்."

"அடுத்த ஞாயிறு பன்னெண்டு. அன்னைக்கும் மழைன்னா பதினஞ்சு தாண்டிரும்."

எந்த இடம் என்று கேட்டேன். சிரித்தார். அவர் இடத்தை யாரிடமும் சொல்ல மாட்டார். சொன்னால் மறு வாரமே பத்துப் பேர் கேமராவோடு வந்து நிற்பார்களாம். என்னிடம் சொன்னால் என்ன? சரி, நானும்தான் எல்லாவற்றையும் சொல்கிறேனா.

அக்டோபர் 5, ஞாயிறு

விடியுமுன் நாலரைக்குக் கிளம்பினார். எலுமிச்சைச் சாதமும் இரண்டு பாட்டில் தண்ணீரும் கொடுத்தேன். விடிகிற வெளிச்சம், அது இல்லையென்றால் அடைகிற வெளிச்சம், இரண்டில் ஒன்றில் மேகம் கிடைத்துவிடும், இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்றார்.

துணி துவைத்தேன். அத்தைக்கு மூட்டுக்குத் தைலம் தேய்த்தேன். ஆல்பத்தில் பன்னிரண்டு பக்கம் முடித்தேன்.

மணி ஏழரை. இன்னும் வரவில்லை. போன் அணைந்திருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

வரவில்லை.

காலையில் கொழுந்தன் சுருளிவேல் போடியிலிருந்து வந்தான். இரண்டு பேரும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். மலைமேல் ஏலக்காய் எஸ்டேட் கேட்டருகே அவருடைய பைக் நிற்பதாகப் பதினொரு மணிக்குத் தகவல் வந்தது. பூட்டியிருக்கிறது, ஹெல்மெட் கண்ணாடியில் மாட்டியிருக்கிறது.

அந்தக் கேட்டிலிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறதாம். வலப்பக்கம் மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய புல்மேடு. இடப்பக்கம் கிழக்கே, நம் ஊரைப் பார்த்த பாறைக்காடு. இரண்டையும் ஒரே நாளில் தேட ஆள் இல்லை.

மத்தியானம் வனவர் அமல்ராஜ் வீட்டுக்கு வந்தார். கூடவே செல்லன் என்ற வனத்துறை வாட்சர். அந்தக் காட்டிலேயே பிறந்தவராம், நாற்பது வயதிருக்கும். எந்த இடத்துக்குப் போனார் என்று கேட்டார்கள். அதே பழைய இடத்துக்கு என்றேன்.

சுருளி சுவரிலிருந்து படத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "இதுதான் சார் அந்த எடம். இதுக்குத்தான் பரிசு வந்துருக்கு."

செல்லன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "பாறையும் புல்லும் ரெண்டு பக்கமும் இதே மாதிரிதான் சார் இருக்கு. ஆனா மேகத்தப் பாருங்க. இப்படி அடுக்கு மேகம் சாயங்காலந்தான், மேக்கேதான் எறங்கும். பின்னாடி ஒரு மலையும் மறைக்கல பாருங்க, ஒரே வெட்டவெளி. இது கேரளா பக்கத்துப் புல்மேடு."

அமல்ராஜ் என்னைப் பார்த்தார். "இது சாயங்காலம் எடுத்த படமாம்மா?"

அத்தை படத்தின்மேல் கை வைத்துக்கொண்டு, "எம்புள்ள எடுத்த படம்யா, எம்புள்ள எடுத்த படம்" என்று அழுதுகொண்டிருந்தார்.

"தெரியல சார்" என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை. காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது பேர் புல்மேட்டில் தேடுகிறார்கள். சுருளியும் போயிருக்கிறான். மூன்று மணிக்கு ஒரு முறை கூப்பிட்டான். ஒரு தடயமும் இல்லை, பனி இறங்கிவிட்டது, பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை என்றான். மழைச் சத்தத்தில் அவன் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது.

நேற்று சொல்லத்தான் நினைத்தேன். அத்தை இருந்தார். டீ போட்டுக் கொண்டுவந்து சொல்லலாம் என்று உள்ளே போனேன். திரும்பும்போது அவர்கள் ஜீப்பில் ஏறிவிட்டார்கள். ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம்.

ஹார்டு டிஸ்க் கெடவில்லை. இங்கேயாவது எழுதிவிடுகிறேன். துணி பீரோவில், என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

அந்த மேகம் தூத்துக்குடி மேகம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண ஜோடியைக் கடற்கரையில் வைத்து எங்கள் ஸ்டூடியோவில் எடுத்த படம். ஜோடியை விட்டுவிட்டு வானத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பின்னால் மலை எப்படித் தெரியும், அது கடல். அவர் பாறையை எடுத்தது காலை ஏழு பத்துக்கு. சூரியனைப் பார்த்து எடுத்தார், அதனால்தான் வானம் அவ்வளவு வெளுத்தது. காலையோ மாலையோ, சூரியனுக்கு எதிரே நின்று எடுத்தால் பாறை ஒரே மாதிரிதான் கறுக்கும். ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை. எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

முதல் முறை அப்படிச் செய்தது மூன்று வருடத்துக்கு முன்பு. மாமா, அவருடைய அப்பா, இறந்து இரண்டு மாதம் அவர் யாரோடும் பேசாமல் இருந்தார். ஒரு நாள் தானாகக் கேமராவை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பி வந்து படங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் வானம் வெள்ளை. அப்படியே திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் தூங்கின பிறகு ஒன்றில் மட்டும் ஒரு மேகத்தை வைத்தேன். காலையில் காட்டினேன். நான் வைத்ததுதான் என்று சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "ஆமா ஜோதி. இப்படித்தான் இருந்துச்சு. எனக்குத்தான் எடுக்கத் தெரியல." அன்று மூன்று தோசை சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

மாலை ஐந்தரை. டிஸ்க்கை எடுத்து லேப்டாப்பில் சொருகியிருக்கிறேன். மூலப்படத்தைத் திறந்தேன். பாறை, புல், வெள்ளை.

மாலை ஏழு. ரா ஃபைலில் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமும் கொஞ்சம் பதிந்திருக்கும். சூரியனைச் சுற்றி முழுதாக எரிந்துபோன இடத்தில் எதுவும் மிஞ்சாது. அங்கே எவ்வளவு குறைத்தாலும் வெள்ளை சாம்பலாகுமே தவிர, உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் வலது ஓரம் முழுதாக எரியவில்லை. வெளிச்சத்தை அடிவரை குறைத்தேன். நிறத்தை எடுத்துவிட்டேன். பனிமூட்டத்தைக் குறைக்கும் ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளினேன். முதலில் அழுக்கு மாதிரி ஒரு கோடு வந்தது. பெரிதாக்கினேன். மலை. தூரத்தில் ஒரு மலைமுகடு, அதில் இரண்டு கூம்பு ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி.

ஒரு வருடமாக அது அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் ஒரு முறைகூட வெளிச்சத்தை இறக்கிப் பார்க்கவில்லை. ஒரு வானத்தைக் கொண்டுவந்து வைப்பது ஐந்து நிமிட வேலை.

அமல்ராஜ் போன் எடுக்கவில்லை. சுருளிக்கு டவர் இல்லை. விடிந்ததும் நானே போகிறேன்.

அக்டோபர் 8, புதன்

ஆட்டோவில் மலையடிவாரம், அங்கிருந்து எஸ்டேட் ஜீப். ஆறரைக்குக் கேட்டில் இறங்கினேன். ஒன்பது பேரும் நனைந்த சட்டையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி புல்மேட்டுக்குத்தான் கிளம்புகிறார்கள்.

லேப்டாப்பை ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்துத் திறந்தேன். "சார், அந்தப் படத்துல இருக்குற வானம் இங்க எடுத்தது இல்ல" என்றேன்.

அமல்ராஜுக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்றீங்க?"

"அது தூத்துக்குடியில எடுத்தது. நான் ஒட்டினது. அவருக்கே தெரியாது. அவர் எடுத்தது இதுதான். காலையில, ஏழு பத்துக்கு, கிழக்கே பாத்து."

டீ டம்ளரைப் பிடித்தபடி எல்லோரும் வெள்ளைப் படத்தைப் பார்த்தார்கள். பிறகு நேற்று வெளியே கொண்டுவந்த மலைமுகட்டைக் காட்டினேன். செல்லன் முன்னால் வந்தார். கழுத்துத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, திரையைத் தொடாமல் விரலை மேலே ஓட்டினார்.

"இது எதுத்த மலையில இருக்குற ரெட்டமொட்ட சார். கேட்டுலருந்து பாத்தா ரெண்டும் தள்ளித்தள்ளித் தெரியும். இப்படி ஒட்டிக்கிட்டுத் தெரியணும்னா தெக்க எறங்கிப் போவணும். கல்லுவரப்புக்கு." என்னிடம் திரும்பினார். "அங்க ஓடை ஒண்ணு உண்டும்மா. தண்ணிக்குப் பஞ்சமில்ல." அதை எதற்குச் சொன்னார் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது.

சுருளி கடைசியாகத்தான் கிளம்பினான். என் பக்கத்தில் நின்று, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நேத்து முழுக்க மழையில அங்கிட்டுக் கெடந்து கத்துனோம் மதினி. அண்ணே, அண்ணேன்னு. அந்தப் பக்கம் அண்ணனுக்கு எப்படிக் கேக்கும்?"

எஸ்டேட் காவல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த அம்மா கஞ்சி கொடுத்தார். கூரையில் ஒட்டியிருந்த பல்லியைப் பார்த்தேன். கொட்டகையில் எத்தனை ஏலக்காய் மூட்டை என்று எண்ணினேன், மறந்து மறுபடி எண்ணினேன். அவர் உயிரோடு இருந்தால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். இல்லையென்றால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்றும் ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

பதினொன்று நாற்பதுக்கு வாக்கிடாக்கி கரகரத்தது. முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு செல்லனின் குரல்: "ஆளு இருக்கு. உசுரு இருக்கு. காலு போயிருக்கு."

அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். விடச் சொல்லும்வரை விடவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருக்கிறது. ஓடையோரம் ஊர்ந்துபோய்ப் பாறை இடுக்கில் மூன்று நாள் கிடந்திருக்கிறார். காய்ச்சலில் என்னை அவர் அம்மா என்று நினைத்துப் பேசினார்.

டாக்டரம்மா படம் பிடித்து வந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். "சீழ் பிடிச்சிருக்கு. அது அடங்கினாதான் பிளேட் வைக்க முடியும். கணுக்கால் பழையபடி மடங்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு நாள் முந்திக் கொண்டாந்திருந்தா கதை வேற."

சுருளி பக்கத்தில்தான் நின்றான். எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 11, சனி

காய்ச்சல் இறங்கிவிட்டது. ரசம் சாதம் நாலு வாய் சாப்பிட்டார். தானாகவே பேச ஆரம்பித்தார்.

"காலையில ஏழு மணிக்கு அங்க நிக்கிறேன் ஜோதி. மேகமே இல்ல. ஒரே வெள்ளையா இருக்கு. சரி, சாயங்காலம் வரும்னு உக்காந்தேன். வரல. மேகம் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகமே வரமாட்டேங்குது. அவ்வளவு பெரிய மேகம், செக்கச்செவேல்னு. அத நின்னு பாத்தவன் நான். எப்படி மறக்கும்? நின்ன எடந்தான் தப்போன்னு மேல ஏறுனேன், கீழ எறங்குனேன். வெளிச்சம் போற நேரத்துல ஈரப்பாறையில வழுக்கிருச்சு."

தண்ணீரை வாங்கி இரண்டு மடக்குக் குடித்தார்.

"காலு ஒடஞ்சு கெடக்கும்போதுகூட அதையேதான் யோசிச்சேன். எனக்குப் புத்தி பெசகிருச்சோன்னு. அப்பாவுக்குக் கடைசியில ஆச்சுல்ல, அந்த மாதிரி."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். டிரெஸ்ஸிங் மாற்ற வந்தார்கள். வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றேன். முடிந்து திரும்பக் கூப்பிட்டபோது அவர் வலியில் கண்ணை மூடியிருந்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

அத்தை பார்க்க வந்தார். அவருக்குச் சுருளி சொல்லிவிட்டான் போலிருக்கிறது. என் கையிலிருந்த ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

வராந்தாவில் சுருளி கேட்டான். "நீங்க சொல்றீங்களா மதினி, நான் சொல்லவா?"

"நான் சொல்றேன்."

"எப்ப?"

அக்டோபர் 13, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலை இட்லி சாப்பிட்டு முடித்து, வாய் கொப்பளித்து, தலையணையை உயர்த்தி வைத்த பிறகு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "உங்களுக்குப் புத்தி பெசகல. அந்த மேகம் அங்க இல்லவே இல்ல. நான் வெச்சது" என்றேன்.

முதலில் சிரித்தார். நான் தேற்றுவதற்காகச் சொல்வதாக நினைத்திருப்பார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தூத்துக்குடி, பீரோவில் ஒளித்த டிஸ்க், அமல்ராஜ் கேட்டபோது தெரியாது என்றது, புல்மேட்டில் போன ஒரு நாள், டாக்டரம்மா சொன்னது. எதையும் குறைக்கவில்லை.

அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த உறவுக்காரர்கள் பேசிவிட்டு எழுந்து போனார்கள். நர்ஸ் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அவர் அதை வாங்கி விழுங்கினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அப்பா போன பெறகு எடுத்த படம்?" என்றார் கடைசியில்.

"அதுலயும். அதுதான் மொதல்ல."

"எல்லாமா எத்தன?"

எண்ணி வைத்திருந்தேன். "நாப்பத்தொண்ணு."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து வெளியே போகட்டுமா என்று கேட்டேன். அவர் போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டார். ஸ்டூலிலேயே இருந்தேன்.

பதினொரு மணி வாக்கில் இந்தப் பக்கம் திரும்பினார். "கோயம்புத்தூருக்கு நானே எழுதுறேன். நீ எழுதாத."

"சரி."

"டிஸ்க் கொண்டாந்திருக்கியா?"

"பையில இருக்கு."

"எடு. நான் எடுத்தத மட்டும் காட்டு. ஒண்ணொண்ணா."

லேப்டாப்பை அவர் மடிமேல் வைக்க முடியாது. சாப்பாட்டுப் பலகையை இழுத்து அதன்மேல் வைத்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தப் படத்தைத் திறந்தேன். சரிவில் ஒரு மொட்டை மரம், அதற்குமேல் வெள்ளை. அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. படத்தை மட்டும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"பனி எறங்குன நேரம் இது" என்றார் மெதுவாக. "வானத்துல ஒண்ணுமே இல்ல. மரத்துல ஒரு காக்கா இருந்துச்சு, கேமராவ எடுக்கவும் பறந்துருச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு."

கொஞ்சம் பொறுத்து, "அடுத்தது" என்றார்.